பழுது மைக்கில் இல்லை

எங்கள் பேருந்து நிலையத்தில் என் அண்ணிக்கு மைக் என்றுதான் பெயர். ஓட்டுநர்கள், நடத்துநர்கள், கூட்டிப் பெருக்குகிறவர்கள், கழிப்பறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர் வரை எல்லோருக்கும் அவள் மைக் அக்கா. நான் மட்டும் அண்ணி என்று கூப்பிடுவேன், அதுவும் சண்டை இல்லாத நாட்களில். நான் அதே நிலையத்தில் பார்சல் அலுவலகத்தில் இருக்கிறேன். என் அண்ணன் அங்கே எலக்ட்ரீஷியன். ஒரே குடும்பமாகச் சேர்ந்து நிலையத்தை வளைத்துப் போட்டுவிட்டீர்கள் என்று மேலாளர் அடிக்கடி சொல்வார். வேடிக்கைக்குச் சொல்கிறாரா வயிற்றெரிச்சலில் சொல்கிறாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அண்ணிக்கு மாடியில் ஒரு கண்ணாடி அறை. ஒரு மேஜை, ஒரு மைக், ஒரு ஆம்ப்ளிஃபையர், கடகடவென்று சத்தம் போடும் மின்விசிறி ஒன்று. எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று நாள் முழுக்கச் சொல்ல வேண்டும். அதோடு நிறுத்தியிருந்தால் அவளை யாருக்கும் தெரிந்திருக்காது. கண்ணாடி வழியாகக் கீழே பார்த்துக்கொண்டே சொந்தமாகவும் இரண்டு வார்த்தை சேர்த்துவிடுவாள். "நீலச் சட்டை போட்ட ஐயா, ஓடாதீங்க, டிரைவர் இன்னும் டீயே குடிச்சு முடிக்கல." "சிவப்புப் பை வச்சிருக்கிற அம்மா, உங்க பையன் உங்க பின்னாடிதான் நிக்கிறான், முன்னாடி தேடாதீங்க." மேலாளர் கூப்பிட்டுக் கண்டிப்பார். தலையை ஆட்டிவிட்டு வருவாள், மறுநாள் மறுபடியும் ஆரம்பிப்பாள். காத்திருக்கிற ஜனங்கள் தலையைத் தூக்கி ஒலிபெருக்கியைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

வீட்டிலும் அவள் குரல்தான். அண்ணன் வாயைத் திறப்பது சாப்பிட மட்டும் என்று நினைக்கிற ஆள். பல்பு போயிருந்தால் மாற்றுவான், குழாய் ஒழுகினால் அடைப்பான், கேட்டால் உம் என்பான். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் புருஷன் வீட்டை விட்டு வந்தபோது, ஏன் வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளறையைக் காலி செய்து கொடுத்தவள் அண்ணி. அதன் பிறகு இத்தனை வருஷத்தில் நானும் அவளும் சண்டை போடாத வாரம் கிடையாது. அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்க எனக்குத் தெரியாது.

முதல் தடவை அது நடந்தது ஒரு காலை நேரத்தில். "மூன்றாவது நடைமேடையில்..." என்று ஆரம்பித்த குரல் பாதியில் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வேறு ஏதோ வண்டியின் பெயரைச் சொல்லித் தொடர்ந்தாள். அண்ணன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மாடி ஏறினான்.

"ஒயர் கருகுற வாசனை வந்துச்சுங்க. அப்புறம்தான் கட் ஆச்சு" என்றாள் அண்ணி.

அவன் ஆம்ப்ளிஃபையரைத் திறந்து மோந்து பார்த்தான். எதுவும் கருகவில்லை. இருந்தாலும் ஒயரை மாற்றினான். சில நாள் கழித்து மறுபடியும் அதே வாசனை, அதே நிறுத்தம். இந்தத் தடவை மைக்கை மாற்றினான். மூன்றாவது தடவை மேலாளரிடம் மல்லுக்கட்டிப் புது ஆம்ப்ளிஃபையரே வாங்க வைத்தான். வீட்டில் சமையலறையிலும் ஒரு நாள் அவளுக்குக் கருகுகிற வாசனை வந்தது. அவன் வீட்டிலிருந்த சுவிட்ச் போர்டு அத்தனையையும் கழற்றிப் போட்டுவிட்டான், அன்று முழுக்க நாங்கள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சமைத்தோம். வேறு வீடாக இருந்தால் டாக்டரிடம் போயிருப்பார்கள். எலக்ட்ரீஷியன் வீட்டில் ஒயர் கருகும் வாசனை வந்தால் அது எலக்ட்ரீஷியன் சமாசாரம் என்று நாங்கள் மூன்று பேருமே நம்பினோம்.

புது ஆம்ப்ளிஃபையர் வந்த பிறகும் ஒரு நாள் குரல் நின்றது. என் ஜன்னலுக்கு நேர் மேலேதான் ஒரு ஒலிபெருக்கி. வார்த்தை நின்ற பிறகு அதில் ஒரு சத்தம் கேட்டது. எதையோ சப்புக்கொட்டி மெல்லுகிற சத்தம், நடுவில் மூச்சு. நான் பார்சலை அப்படியே போட்டுவிட்டு அண்ணனைத் தேடிப் போனேன். அவன் பணிமனைப் பக்கம் ஏணியில் நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணா, மைக் நல்லாத்தான் இருக்கு. மூச்சு கேக்குது."

அவன் ஏணியிலிருந்து என்னைப் பார்த்தான். "அப்போ..." என்றான். இறங்கி மாடிக்கு ஓடினான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அண்ணி சாதாரணமாக உட்கார்ந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் ஏன் மூச்சு வாங்க வந்து நிற்கிறோம் என்று அவளுக்குப் புரியவில்லை. குரல் நின்றதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

டாக்டரிடம் போக வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்த அதே வாரத்தில் பெரிதாக வந்துவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பார்சல் அலுவலகத்துக்கு வந்தவள், டப்பாவைத் திறந்தபடியே கீழே விழுந்தாள். கை கால் வெட்டி இழுத்தது. ஒரு நடத்துநர் கரண்டியை எடுத்துக்கொண்டு அவள் பல்லுக்கு நடுவில் கொடுக்க வந்தார். அவரை நான் திட்டிய திட்டில் அவர் ஒரு மாதம் என் பக்கமே வரவில்லை. வாயில் எதையும் திணிக்கக் கூடாது என்று எப்போதோ எங்கேயோ கேட்டிருந்தேன். அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் என் பையை மடித்து வைத்தேன். இழுப்பு நிற்கும்வரை அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு பயத்தை அதற்கு முன் நான் பட்டதில்லை.

ஸ்கேனில் தெரிந்துவிட்டது. மூளையின் இடது பக்கம், காதுக்கு மேலே, ஒரு கட்டி.

மூளை அறுவை டாக்டர் எங்களைவிட வயதில் சின்னவள். குட்டையாக வெட்டிய முடி, அவசரமில்லாத பேச்சு. படத்தைச் சுவரில் இருந்த வெளிச்சத்தில் மாட்டி விரலால் காட்டினாள். அண்ணன் முதன்முதலாக வாயைத் திறந்தான்.

"ஷார்ட் சர்க்யூட்டா டாக்டர்?"

"கிட்டத்தட்ட. ஆனா கட்டிக்குள்ள இருந்து கரண்ட் வரல. கட்டியைச் சுத்தி இருக்கிற நல்ல செல்லுங்கதான் இந்தக் கூத்து அடிக்குது" என்றாள் டாக்டர். "மூளையில ஒவ்வொரு செல்லும் இன்னொண்ணோட மின்சாரத்துலதான் பேசும். 'பேசு'ன்னு தூண்டுற ரசாயனம் ஒண்ணு இருக்கு. 'போதும், நிறுத்து'ன்னு அடக்குற ரசாயனம் ஒண்ணு இருக்கு. ரெண்டும் சரிசமமா இருந்தாத்தான் ஒழுங்கா நடக்கும். இந்த மாதிரி கட்டி, தூண்டுற ரசாயனத்தைச் சுத்தி இருக்கிற இடத்துல கசிய விடும். அடக்குறவங்களோட பலத்தையும் குறைச்சிடும். அப்புறம் எல்லாச் செல்லும் ஒரே நேரத்துல கத்த ஆரம்பிச்சிடும். அதுதான் வலிப்பு."

"அந்த வாசனை?" என்று கேட்டேன்.

"வாசனையை உணர்ற இடம் அங்க பக்கத்துலதான். அங்க ஆரம்பிக்கும்போது இல்லாத வாசனை வரும். அங்கிருந்து பேச்சு இருக்கிற இடத்துக்குப் பரவுனா பேச்சு நிக்கும். ஆள் முழிச்சிருக்கிற மாதிரியே இருப்பாங்க, வாய் எதையாவது மெல்லும், அவங்களுக்கே தெரியாது. மூளை முழுக்கப் பரவுனா கீழ விழுந்து இழுக்கும்."

மெதுவாக வளர்கிற கட்டி மாதிரித் தெரிகிறது என்றாள். அப்படிப்பட்டதில்தான் வலிப்பு அதிகம் வருமாம். வேகமாக வளர்வது பக்கத்திலிருப்பதை அழித்துவிடும். மெதுவாக வளர்வது அழிக்காமல் வருஷக்கணக்கில் சீண்டிக்கொண்டே இருக்கும்.

"கூடவே குடியிருந்து சீண்டுறதுன்னா எனக்கு நல்லாப் புரியும் டாக்டர்" என்றாள் அண்ணி. "எனக்கு நாத்தனார் இருக்கா."

டாக்டர் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் நின்று அழுதேன்.

முதலில் மாத்திரை கொடுத்தார்கள். வலிப்பு குறைந்தது, ஆனால் அண்ணிக்குக் கோபம் வர ஆரம்பித்தது. சண்டையில்கூட முகம் சுளிக்காதவள், டீயைச் சரியாக வடிகட்டவில்லையா என்பது மாதிரி சம்பந்தமில்லாத காரணத்துக்கெல்லாம் சீறினாள். ஒரு நாள் என்மேல் தட்டை விட்டெறிந்தாள். நான் திருப்பி ஒன்று எறிந்தேன். இத்தனை வருஷத்தில் இப்போதுதான் எனக்குச் சரியான ஜோடி கிடைத்தது என்று சொன்னேன், அவளும் சிரித்தாள், பிறகு அழுதாள். டாக்டரிடம் சொன்னபோது, மாத்திரையின் குணம் அது, நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் வலிப்பு மோசமாக வரும் என்று சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாக வேறு மாத்திரைக்கு மாற்றினாள். கோபம் போய்விட்டது. உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆனால் மாத்திரை சத்தத்தை மட்டும்தான் அடக்கும், கட்டியை ஒன்றும் செய்யாது. அந்த ரசாயனக் கசிவையே தடுக்கிற மருந்தைத் தேடிப் பல இடங்களில் ஆராய்ச்சி நடக்கிறதாம், கையில் கொடுக்கிற நிலைக்கு இன்னும் வரவில்லையாம். அறுத்து எடுப்பதுதான் வழி. எவ்வளவு அதிகம் எடுக்க முடியுமோ அவ்வளவுக்கு வலிப்பு நிற்க வாய்ப்பு. இங்கேதான் சிக்கல் இருந்தது. கட்டியின் பின்பக்க ஓரம் பேச்சு இருக்கிற இடத்தை ஒட்டிக்கொண்டிருந்தது.

"பேச வச்சுக்கிட்டே ஆபரேஷன் பண்ணுவோம்" என்றாள் டாக்டர். "தோலை மரத்துப்போக வச்சிடுவோம். மூளைக்கு வலி தெரியாது. எடுக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு இடமா லேசா மின்சாரம் வச்சுப் பார்ப்போம். எங்க வச்சா வார்த்தை நிக்குதோ, அந்த இடத்தைத் தொட மாட்டோம்."

அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்தான். "எத்தனை மில்லி ஆம்பியர்?"

சில மில்லி ஆம்பியர்தான் என்றாள்.

"அந்த மெஷினுக்கு எர்த் சரியா இருக்கா, யாரு செக் பண்றாங்க?"

அதையெல்லாம் பார்க்க ஆள் இருக்கிறார்கள் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னாள். அவன் நம்பவில்லை. வெளியே வந்ததும் ஆஸ்பத்திரியின் எலக்ட்ரீஷியனைத் தேடிப் பிடித்து அரை மணி நேரம் விசாரித்துவிட்டு வந்தான்.

அண்ணி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "வலிப்பு மிச்சம் இருந்தா இருக்கட்டும் டாக்டர், மாத்திரை போட்டுக்கறேன். பேச்சு போயிடக் கூடாது. சந்தேகமா இருந்தா அந்த இடத்தை விட்டுடுங்க."

அறுவைக்கு முன்னால் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி வந்தாள். உள்ளே படம் காட்டி அண்ணியைப் பேச வைக்கப்போகிறவள் அவள்தான். அண்ணி உற்சாகமாக, "படமெல்லாம் எதுக்கும்மா, நான் பாட்டுக்கு அறிவிப்பு சொல்லிக்கிட்டே இருக்கேன், எங்க நிக்குதோ அங்க விட்டுடுங்க" என்று சொல்லி, எங்கள் நிலையத்து வண்டி அத்தனையையும் ஒரே மூச்சில் ஒப்பித்துக் காட்டினாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

"அது உதவாதுக்கா" என்றாள் அந்தப் பெண். "தினம் சொல்லிச் சொல்லிப் பழகுனது தானா வரும். எண்ணுறது, கிழமை சொல்றது, பாட்டு, இதெல்லாம் பேச்சே போனவங்களுக்குக்கூட வரும். எனக்கு நீங்க புதுசா யோசிச்சுச் சொல்றதுதான் வேணும்."

சீப்பு, சாவி, குடை, பூனை என்று படம் காட்டிப் பெயர் கேட்டாள். பாதி வாக்கியத்தைக் கொடுத்து முடிக்கச் சொன்னாள். அண்ணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, பூனைக்கு ஒரு கதையும் சேர்த்துச் சொன்னாள்.

உள்ளே நடந்ததை டாக்டர் பிறகு சொன்னாள். நன்றாகப் போய்க்கொண்டிருந்ததாம். டாக்டருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்றுகூட அண்ணி நடுவில் விசாரித்தாளாம். பின்பக்க ஓரத்தில் ஒரு இடத்தில் மின்சாரம் வைத்தபோது சீப்புப் படத்தைப் பார்த்து, "இது... தலைக்கு..." என்று நின்றுவிட்டாள். மின்சாரக் கம்பியை எடுத்ததும் சீப்பு என்றாள். மறுபடி வைத்தார்கள், மறுபடி நின்றது. அந்த இடத்தில் மெல்லிய ஒரு பகுதியை அப்படியே விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் எங்களைப் பார்க்க விட்டார்கள். தலையில் கட்டு, முகம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. அண்ணனைப் பார்த்ததும் கண்ணில் வெளிச்சம் வந்தது. வாயைத் திறந்தாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்றாள்.

அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பேசிட்டா பாரு, பேசிட்டா" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினான். தண்ணீர் வேணுமா என்று கேட்டான். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்றாள். வலிக்கிறதா என்று கேட்டேன். இரண்டாவது நடைமேடை என்றாள். எங்கள் முகத்தைப் பார்த்தாள். தான் சொல்ல நினைத்தது அது இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள், கண்ணிலிருந்து நீர் இறங்கிக் கட்டுக்குள் போனது. அண்ணன் கை என் தோளிலிருந்து விழுந்தது.

பயிற்சிப் பெண் வந்து கரண்டியைக் காட்டினாள், சாவியைக் காட்டினாள். ஒன்றுக்கும் பெயர் வரவில்லை. அறுத்த இடத்தைச் சுற்றி வீக்கம் இருக்கிறது, அது வடிந்தால் பெரும்பாலும் திரும்பிவிடும் என்றாள். பெரும்பாலும் என்றால் என்ன அர்த்தம் என்று நான் சண்டைக்குப் போனேன். அவள் கோபப்படவில்லை.

"சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாதுக்கா. பேசிக்கிட்டே இருங்க, அதான் முக்கியம். அறிவிப்பு வந்தா அதைக் கணக்குல எடுக்காதீங்க. அவங்களா புதுசா ஒரு கேள்வி கேட்டா என்னைக் கூப்பிடுங்க."

கட்டியைப் பரிசோதித்த முடிவு அதற்குள் வந்தது. மெதுவாக வளர்கிற வகைதான். பெரும்பகுதி எடுத்தாகிவிட்டது, மிச்சத்தை ஸ்கேன் எடுத்துக் கவனிப்பார்கள், அது வளர்ந்தால் கதிர்வீச்சும் மருந்தும் இருக்கிறது. வலிப்பு மாத்திரை தொடர வேண்டும், அறுவைக்குப் பிறகு ஒரு வலிப்புகூட வரவில்லை. டாக்டர் இதையெல்லாம் சிரித்த முகத்தோடு சொன்னாள், நாங்களும் தலையாட்டினோம். அண்ணி கட்டிலில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் அறிவிப்பு வந்துவிடுமோ என்று பயந்து வாயைத் திறப்பதையே விட்டிருந்தாள்.

அண்ணன்தான் பேசினான். பேசிக்கொண்டே இருக்கச் சொன்னார்கள் இல்லையா, அதை அவன் வேலையாக எடுத்துக்கொண்டான். முதல் நாள் மருந்துப் பெட்டி மேல் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினான். பிறகு வார்டில் எந்த விளக்கு எந்த சுவிட்சில் போகிறது என்று சொன்னான். அது தீர்ந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல், மனதில் இருந்ததை எடுக்க ஆரம்பித்தான். நான் பழத்தை நறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சின்ன வயதிலிருந்து அவனோடு வளர்ந்தவள் நான், அவற்றில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

"மைக் செட்டுல ஒண்ணும் இல்லன்னு ரெண்டாவது தடவை திறந்தப்பவே தெரியும்" என்றான் ஒரு நாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "தெரிஞ்சும் மைக்கை மாத்துனேன். செட்டுல கோளாறுன்னா நான் சரி பண்ணிடுவேன். உனக்குள்ளன்னா நான் என்ன பண்ணுவேன்?"

அண்ணி அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு மேலே பேசினான். பிள்ளை இல்லையே என்று அவள் அழுத அன்று, ஒன்றும் சொல்லத் தெரியாமல் நிலையத்தில் ஏணி போட்டு ஏறி நன்றாக எரிந்துகொண்டிருந்த பல்பையெல்லாம் கழற்றிக் கழற்றி மாட்டியதைச் சொன்னான். அவளுக்கு மஞ்சள் சேலை அழகாக இருக்கும் என்று வாங்கிவந்து, கொடுக்கக் கூச்சப்பட்டு, கடையில் இலவசமாகக் கொடுத்தார்கள் என்று பொய் சொன்னதைச் சொன்னான். வண்டி ஒன்றும் இல்லாத மதியத்தில் அவள் மைக்கை அணைக்க மறந்துவிட்டுத் தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பாள், அதை ஏணியிலேயே உட்கார்ந்து கேட்பேன், மைக் ஆன்ல இருக்குன்னு வந்து சொல்ல மாட்டேன் என்றான்.

"வீட்ல ரேடியோ போட்டுப் பார்த்தேன்" என்றான் இன்னொரு நாள் காலை. குரல் கட்டிப்போயிருந்தது, பேசிப் பழக்கமில்லாத தொண்டை. "நிறுத்திட்டேன். அது யார்கிட்டயோ பேசுது. நீ என்கிட்டப் பேசுவ."

அண்ணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. அறிவிப்பு வரப்போகிறது என்று நினைத்து நான் பழத் தட்டைக் குனிந்து பார்த்தேன், அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"இவ்வளவும்..." என்றாள். நின்றாள். கண்ணை மூடி எதையோ தேடினாள். "இவ்வளவும்... எங்க... வச்சிருந்தீங்க?"

அண்ணன் அப்படியே என் பக்கம் திரும்பினான். வாய் கோணியது. "கேள்விதானே அது?" என்று கேட்டான்.

"கேள்விதான்" என்றேன். "பதில் சொல்லு, கேட்டுட்டுக் காத்துக்கிட்டு இருக்காங்க."